மிரேயாவின் வலது கால்

என் மனைவி மிரேயாவின் வலது தொடை எலும்புக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. போன வருஷம் எல் க்ரூசெரோ கணவாயிலிருந்து ஏரிப்பக்கம் சைக்கிளில் இறங்கும்போது, ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. மழை வேறு. எலும்பு இரண்டாகப் போனது. மாட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அதன் சொந்தக்காரன் ஆஸ்பத்திரி வராந்தாவரை வந்து, மாடு பயந்துபோய்ப் பால் குறைந்துவிட்டது என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

என் பெயர் லிபார்தோ. லாரி ஓட்டுகிறேன். எங்கள் ஊர் அக்கித்தானியாவில், தோதா ஏரிக்கரை முழுக்க வெங்காயத்தாள்தான். அதைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு போய் தலைநகர் பொகோதாவின் சந்தையில் இறக்குவது என் பிழைப்பு. மிரேயா சைக்கிள் பந்தயக்காரி. எங்கள் பொயாகா மலைப்பக்கத்தில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதிலும் பெண்கள் இன்னும் கொஞ்சம். பக்கத்து நகரமான சொகமோசோவில் எவெலியோ என்பவர் நடத்தும் சின்ன அணியில் அவள் பல வருஷமாக ஓட்டுகிறாள். மலைமேடு என்று வந்துவிட்டால் அந்த அணிக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வோம். 'நீ' என்று வாயில் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு சரியாக வேகாது.

மிரேயா மறுபடி நடக்கப் பழகி, பிறகு சைக்கிளில் ஏறி உட்காரத் தொடங்கியபோது எவெலியோ ஒரு ஜோடி பெடல் கொண்டுவந்து மாட்டினார். பவர் மீட்டர் பெடல் என்று பெயர். ஒவ்வொரு காலும் எவ்வளவு பலமாக மிதிக்கிறது என்று தனித்தனியாக அளக்கும். ஹேண்டில்பாரில் உள்ள சின்னத் திரையில் மொத்த பலம் வாட் கணக்கில் வரும். அதற்குக் கீழே, அந்த மொத்தத்தில் இடது காலின் பங்கு நூற்றுக்கு எத்தனை, வலது காலின் பங்கு எத்தனை என்று வரும். அதற்குமுன் அந்த அணியில் யாரிடமும் இப்படி ஒரு பொருள் இருந்ததில்லை. ஆகவே எலும்பு உடைவதற்கு முன்னால் மிரேயாவின் கால்கள் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டன என்பது அவளுக்கே தெரியாது.

முதல் நாள் திரை சொன்னது: இடது ஐம்பத்தாறு, வலது நாற்பத்து நாலு.

யாருக்கும் சரிபாதியாக இருக்காது என்று எவெலியோ சமாதானம் சொன்னார். நாம் எல்லோருமே ஒரு கையால் எழுதுகிற மாதிரிதான், ஒரு கால் கொஞ்சம் முந்தும், நாற்பத்தெட்டு ஐம்பத்திரண்டு என்றால் கவலையே வேண்டாம், பலம் போட்டு மிதிக்கும்போது அந்த வித்தியாசமும் சுருங்கிவிடும் என்றார். ஆனால் நாற்பத்து நாலு என்பது வேறு சங்கதி. உடைந்த கால் ஒளிந்துகொள்கிறது, நல்ல கால் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது என்றார். மொத்த பலமும் பழைய மிரேயாவுக்கு ஏற்றதாக இல்லை. சொகமோசோவில் அவளுக்கு உடற்பயிற்சி வைத்தியம் செய்கிற சொராய்தாவும் அதையேதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு படி மேலே போனார். கால் பலம் பெறாததற்கு அந்தக் கம்பிதான் காரணமாக இருக்கலாம், அதைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். ஜூலைக் கடைசியில் ஒரு தேதியும் குறித்துவிட்டார்கள். கம்பியை எடுத்தால் மறுபடி மாதக்கணக்கில் படுக்கை, ஊன்றுகோல். செப்டம்பரில் பெண்களுக்கான தேசச் சுற்றுப் பந்தயம். மிரேயாவுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டாவது வருஷமும் பந்தயத்துக்கு வராத முப்பத்து மூன்று வயதுக்காரிக்காக எந்த அணி காத்திருக்கும்?

எவெலியோ கெட்ட மனிதர் இல்லை. ஒளித்து மறைத்துப் பேசாமல் எங்கள் சமையலறையில் உட்கார்ந்தே சொன்னார்.

"பாரும்மா, ஜூலை முடியறதுக்குள்ள வலது கால் நாப்பத்தெட்டைத் தொட்டுடுச்சுன்னா உன் எடம் உனக்குத்தான். இல்லைன்னா ஆபரேஷனைப் பண்ணிக்கோ. நான் அந்தக் கோம்பிதா ஊர்ப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்குப் பத்தொம்பது வயசு. ரெண்டு காலும் சமமா இருக்கு."

மிரேயா தலையாட்டினாள். அவர் போன பிறகு அவர் காபி குடித்த டம்ளரை மூன்று தடவை கழுவினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வலது காலுக்குத்தான் எல்லாம். காலையில் லாரிப் படியில் வலது காலை மட்டும் ஊன்றி, தோளில் ஒரு வெங்காயத்தாள் கட்டோடு ஏறி இறங்குவாள். கட்டு ஒன்று இரண்டானது, பிறகு மூன்றானது. ஏரிச் சாலையில் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, வலது காலால் மட்டும் மிதித்துக்கொண்டு போவாள். வீட்டை ஒட்டிய வெங்காயக் கொட்டகையில் கட்டுக் கட்டும் பெண்கள் சும்மா இருப்பார்களா? இடது காலுக்கு என்ன லீவா, சம்பளத்தோட லீவா என்று அவளைக் கேட்பார்கள். மிரேயாவும் சிரிப்பாள். முதல் மாதம் சிரித்தாள். பிறகு காதில் விழாத மாதிரி போனாள்.

திரையில் எண் நகரவில்லை. ஒரு நாள் நாற்பத்து மூன்று, ஒரு நாள் நாற்பத்தைந்து, பிறகு மறுபடி நாற்பத்து நாலு.

அந்த நாட்களில் அவளுடைய சைக்கிள் டிராயர் வலது தொடையில் இறுகத் தொடங்கியது. தையலே விட்டுவிட்டது. வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். சொராய்தாவும் தொட்டுப் பார்த்துவிட்டு இருக்கலாம் என்றாள். நானும் இருக்கலாம் என்றேன். நாற்பத்து நாலு என்கிற எண் மூன்று பேர் கண்ணையும் கட்டிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் நான் லாரியோடு வந்து நின்றபோது அவள் கொட்டகைப் படியில் உட்கார்ந்து, முஷ்டியை மடக்கி அந்தத் தொடையைக் குத்திக்கொண்டிருந்தாள். சோம்பேறி, சோம்பேறி என்று அதைத் திட்டினாள். ஏதோ மாட்டை அடிக்கிற மாதிரி. நான் போய்க் கையைப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. அவள் அந்தக் காலை மன்னிக்கத் தயாராக இல்லை.

இப்போது கார்மேல் மாதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊர் எல்லையில் ரோட்டோரம், சின்னக் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி இருக்கிறது. வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள்தான் தாய். அவள் முன்னால் ஹாரன் அடித்து, சிலுவை போடாமல் நான் ஊரைத் தாண்டியதில்லை. அதற்கு முன்னால் ஓட்டிய தூரம் தூரமே இல்லை என்பது எங்கள் கணக்கு. லாரிக்காரர்கள் கிலோமீட்டர் கணக்கை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். சைக்கிள்காரர்களும் அப்படித்தான். மிரேயா வீட்டிலிருந்து திரையை அணைத்தபடியே வருவாள். கெபி முன்னால் நிற்பாள். இடது காலைத் தரையில் ஊன்றுவாள். வலது கால் பெடலிலேயே மாட்டியிருக்கும், முன்பக்கம் உயர்ந்து, உடனே மிதித்துக் கிளம்பத் தயாராக. அப்படியே நின்றபடி திரையைப் போடுவாள். பெடலுக்குப் பூஜ்ஜியம் வைக்கட்டுமா என்று திரை கேட்கும். தினமும் கேட்கும். சரி என்று அழுத்திவிட்டு, சிலுவை போட்டு, இந்தக் காலைக் கொஞ்சம் பாரும்மா என்று மாதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஒரு நாள் தவறாமல் இதுதான் நடந்தது.

ஜூலை பதினாறு கார்மேல் மாதா திருநாள். அன்றைக்கு எங்கள் ஊரில் லாரிக்குத்தான் கல்யாணம். காகிதப் பூ, பலூன், புதுப் பெயிண்ட், கண்ணாடியில் மாதா படம். விடியும்போதே கெபி முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. பங்குச் சாமியார் ஒவ்வொரு எஞ்சினாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். என் வண்டி பத்தாவதோ பதினோராவதோ. நடுவில் ஒரு சைக்கிள் போக வழியில்லை.

ஆனால் அன்றைய ஓட்டத்தின் கணக்கை மிரேயா எவெலியோவுக்கு அனுப்பியாக வேண்டும். அவள் கெபிப் பக்கம் வராமல் பின்தெரு வழியாக எதிர்த்திசையில் கிளம்பினாள். கிளம்புமுன் சைக்கிளைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாலாடைக்கட்டி போட்ட சூடான வெல்லத் தண்ணீரைக் குடித்தபடியே திரையைப் போட்டு, கேட்டதற்குச் சரி என்று அழுத்தினாளாம். ஒலிபெருக்கிச் சத்தம் வந்த திசையைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுவிட்டு ஏறிப் போனாளாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

மத்தியானம் நான் கையில் பீரோடு நின்றுகொண்டிருந்தேன். லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஷூ டக் டக் என்று சத்தம் போட, அவள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. திரையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

இடது நாற்பத்தேழு. வலது ஐம்பத்து மூன்று.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கு என்ன நாள்? மாதா திருநாள். எங்கே நிற்கிறேன்? மாதா முன்னால். வேறென்ன வேண்டும்? லாரிக்காரர் சங்கத் தலைவரிடம் ஓடிச் சொன்னேன். அவர் யோசிக்காமல் ஒலிபெருக்கியில் அறிவித்தார், மிரேயாவின் காலை மாதா குணமாக்கிவிட்டாள் என்று. யாரோ வாணம் கொளுத்தினார்கள். முன்பின் தெரியாத பெண்கள் வந்து அவள் தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மிரேயா என்னைப் பார்த்த பார்வையை அந்தச் சந்தோஷத்தில் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணக்கை எவெலியோவுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை நன்றி சொல்ல முதல் ஆளாக மாதா கெபிக்குப் போனாள். எப்போதும்போல நின்றாள், எப்போதும்போலக் கிளம்பினாள். ஏரியைச் சுற்றிவிட்டு வந்தாள்.

வலது நாற்பத்து நாலு.

மாதா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நான் குடித்தது காரணமா, ஒலிபெருக்கியில் பெருமையடித்தது காரணமா என்று அவளிடமே கேட்டேன். ஒரு நேர்ச்சை செய்துவிடலாம், சிக்கின்கிரா மாதா கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றும் சொன்னேன்.

"நீ கொஞ்சம் வாயை மூடறியா?" என்றாள் மிரேயா.

மூடினேன்.

அந்த நேரத்தில் எவெலியோவின் போன் வந்தது. இரண்டு நாள் கணக்கையும் பார்த்திருந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம்.

"ஒரே ராத்திரியில ஒம்பது ஏறி, அடுத்த ராத்திரியில ஒம்பது எறங்காதும்மா. எலும்பு என்ன ரொட்டி மாவா? பெடல் கெட்டுப்போச்சா, இல்ல நீ ஏதாவது பண்ணினியான்னு நான் கேக்க மாட்டேன். உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் மாத்தாத. நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசிடறேன்."

அவள் போனை வைத்தாள். தன் கால் சரியில்லை என்று சொன்னதை இத்தனை மாதம் தாங்கிக்கொண்டவளுக்கு, பொய் சொல்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்து, கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திருநாளன்று என்னென்ன செய்தாளோ அத்தனையும் வரிசையாகச் செய்தாள். வெல்லத் தண்ணீரையும் விடவில்லை. திரையைப் போட்டாள், அழுத்தினாள், போனாள், வந்தாள். வலது ஐம்பத்து மூன்று.

பெடல் கெடவில்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் ஐம்பத்து மூன்று, கெபியிலிருந்து கிளம்பினால் நாற்பத்து நாலு. இதை வெளியே சொன்னால் மாதா அவள் காலைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஊர் பேசும். நேற்றுக் குணமாக்கிய அதே மாதா.

"வண்டியை எடுத்துட்டு என் பின்னாலேயே வாங்க," என்றாள். 'நீங்க' திரும்பி வந்ததில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

கெபி முன்னால் காய்ந்த பூவும் வெடித்த பலூனுமாகக் கிடந்தது. அவள் வழக்கம்போல நின்றாள். நான் லாரியிலிருந்து இறங்கினேன்.

"என்ன தெரியுது உங்களுக்கு?"

"மாதா தெரியறா. பூ தெரியுது. நீங்க தெரியறீங்க."

"என் காலைப் பாருங்க."

பார்த்தேன். இடது கால் தரையில். வலது கால் பெடலில். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அந்தக் கால் பெடல்மேல் சும்மாதான் இருந்தது. மிதிக்கவில்லை. ஆனால் முன்பக்கம் உயர்ந்த பெடலின் மேல் முழங்காலிலிருந்து கீழே உள்ள கனம் படுத்திருந்தது.

"நீங்க வெங்காயத்தை எடை போடறப்ப," என்று மெதுவாக ஆரம்பித்தாள், "முதல்ல வெறும் கூடையைத் தராசுல வெச்சு முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வருவீங்கல்ல?"

"ஆமா. கூடை எடையை யாரு காசு குடுத்து வாங்குவா?"

"அப்ப கூடையோட ரெண்டு கட்டு வெங்காயத்தையும் வெச்சுட்டு பூஜ்ஜியம் வெச்சீங்கன்னா?"

அப்படி வைத்தால் அன்று முழுக்க ஒவ்வொரு நிறுவையிலும் அந்த இரண்டு கட்டு காணாமல் போகும். எவனாவது என்னிடம் அப்படிச் செய்தால் நான் தராசையே தூக்கி அவன் தலையில் போடுவேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. தினமும் அவள் பெடலிடம் சரி என்று அழுத்தியதற்கு அர்த்தம், இப்போது உன்மேல் ஒரு கனமும் இல்லை, இதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள் என்பதுதான். பெடல் அவள் பேச்சை நம்பியது. வலது காலின் கனத்தைப் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு, நாள் முழுக்க அந்தக் கால் செய்த வேலையிலிருந்து அவ்வளவையும் கழித்துக்கொண்டே இருந்தது. இடது கால் தரையில் இருந்ததால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. மொத்த பலம் ஏன் குறைந்து தெரிந்தது என்பதற்கும் காரணம் அதுதான். கால் தடித்துக் கனக்கக் கனக்கக் கழிவும் கூடவே ஏறியதால்தான் எண் நகரவே இல்லை.

மிரேயா காலைப் பெடலிலிருந்து எடுத்தாள். சைக்கிளைக் கெபிக் கம்பியில் சாய்த்து, தள்ளி நின்று, மறுபடி பூஜ்ஜியம் வைத்தாள். ஏறி ஏரிச் சாலையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினாள். ஐம்பத்து மூன்று. பிறகு பழையபடி காலைப் பெடலில் வைத்துப் பூஜ்ஜியம் வைத்துவிட்டுப் போய் வந்தாள். நாற்பத்து நாலு. இரண்டும் மாதா கண்ணெதிரே நடந்தது. மாதாமேல் இருந்த பழியும் போயிற்று.

எனக்கு அந்தப் பெடல் இரண்டையும் கழற்றி ஏரியில் எறிய வேண்டும் போலிருந்தது. எவெலியோவை, சொராய்தாவை, டாக்டரை, யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. பூஜ்ஜியம் வை என்று எல்லோரும் சொன்னார்கள், காலை எடுத்துவிட்டு வை என்று எவெலியோவும் சொல்லித்தான் இருப்பார். வீட்டு வாசலில் பூஜ்ஜியம் வைக்கிற ஊர்க்காரர்களுக்கு அது தானாக நடக்கும். எங்கள் ஊரில்தான் மாதா முன்னால் வண்டியிலேயே உட்கார்ந்து நிற்போம்.

மிரேயா கெபிப் படியில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். கால் எப்போதோ குணமாகிவிட்டது, யாரும் நம்பாததால் மூன்று கட்டு வெங்காயம் சுமந்து, இடது காலையும் முந்திவிட்டது. டிராயர் கிழிந்தது வீக்கத்தால் இல்லை. இப்போது இளைத்துப்போனது லீவில் இருந்த இடது கால்தான். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"இந்தக் காலைப் போட்டு எவ்வளவு அடிச்சேன்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ருவானாக் கம்பளியை அவள்மேல் போர்த்தினேன். ஏரிக்காற்று எலும்புவரை குத்தியது.

எவெலியோவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உனக்குச் சாதகமாக ஒரு கதை கிடைத்துவிட்டது என்பதற்காக நான் எப்படி நம்புவது என்றார். சொகமோசோப் பக்கமிருந்து எல் க்ரூசெரோ மேடு ஏறிக்காட்டுகிறேன், நீங்களே பூஜ்ஜியம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள். நீண்ட மேடு அது. ஏறி முடிப்பதற்குள் லாரி எஞ்சினே பெருமூச்சு விடும்.

குறித்த நாளில் எவெலியோ தன் காரோடு மேட்டின் அடியில் நின்றார். சைக்கிளை அவரே வாங்கி, காரில் சாய்த்து, யாரும் தொடாதபடி கையால் தடுத்துக்கொண்டு பூஜ்ஜியம் வைத்தார். மிரேயா ஏறி உட்கார்ந்தாள். கிளம்புமுன் சிலுவை போட்டுக்கொண்டாள், இந்தத் தடவை மிதித்துக்கொண்டே.

நான் எவெலியோவின் காரில் பின்னால் போனேன். அவர் அவள் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தார். தொடக்கத்தில் அளவாக ஓட்டினாள். ஆஸ்பத்திரித் தேதிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. எந்த வளைவிலும் மாடு நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பாதி மேட்டுக்கு மேல் ரோடு செங்குத்தாகும் இடத்தில் அவள் இருக்கையிலிருந்து எழுந்தாள். எழுந்தவள் உட்காரவில்லை. கார் இரண்டாவது கியருக்கு வந்தது. எவெலியோ நாக்கைச் சப்புக்கொட்டினார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

உச்சியில் பனி மூட்டம். மிரேயா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து கொய்யாப்பழ இனிப்புக் கட்டியை எடுத்துக் கடித்தாள். எவெலியோ திரையைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தார். அளவாக ஓட்டிய இடங்களில் வலது ஐம்பத்து மூன்று. செங்குத்தில் இரண்டும் ஐம்பது, ஐம்பது. மொத்த பலமோ, விழுவதற்கு முன்னால் இந்த மேட்டில் அவள் எடுத்த நேரத்தை வைத்து அவர் போட்டிருந்த கணக்கையே தாண்டியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பனியால்தான் துடைத்தார் என்று வைத்துக்கொள்வோம்.

"எடது காலையும் கொஞ்சம் கவனிச்சுக்கோம்மா," என்றார். "செப்டம்பருக்கு முன்னாடி."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. காருக்குள் போய், கோம்பிதாப் பெண்ணுக்குப் போன் செய்து, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்வது என் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மிரேயா அங்கேயே, அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கையுறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்தது தேதி குறிக்கிற பெண். ஆபரேஷன் வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்றாள் மிரேயா. அந்தப் பெண் பெயரைக் கேட்டாள், தேதியைக் கேட்டாள், எழுதிக்கொண்டாள்.

"தொடையில கம்பி எடுக்கறதுன்னு போட்டிருக்கு. எந்தக் காலுங்க?"

மிரேயா குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தாள். இரண்டும் சேறு தெறித்து, ஒரே மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் கை முதலில் இடது தொடைக்குப் போய்த் தடவியது. அங்கே தழும்பு இல்லை. பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது.

"ஹலோ? இருக்கீங்களா?"

"வலது," என்றாள். "வலதுதான்."

விழுந்த நாளிலிருந்து அவள் அந்தக் காலை மறந்தது அந்த ஒரு தடவைதான். நான் ஏரிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், என் முகத்தை எவெலியோ பார்க்க வேண்டாம் என்று.